பூஞ்சணம் பிடித்த முந்திரிகை

இந்தியாவில் அகதி முகாமில் இருந்த காலத்தில் என் கணவருக்குக் கிடைத்த முதல் நல்ல வேலை ஒரு சொல்லால் தவறிப்போகப் பார்த்தது. கம்பம் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்க வந்த மேஸ்திரி ஒருவர், பந்தல் வேலை தெரியுமா என்று கேட்டிருக்கிறார். "முந்திரிகைப் பந்தல்தானே? எங்கட ஊர்ல பங்குச் சுவாமி பங்களாவுல நிண்டது. தெரியும்" என்று இவர் சொல்ல, வந்தவர் சிரித்துவிட்டாராம். "முந்திரிக்கு எவன்யா பந்தல் போடுவான்? அது மரம்யா!"

மன்னார்க் கரையில் நாங்கள் முந்திரிகை என்பது அவர்களுடைய திராட்சை. அவர்கள் முந்திரி என்பது எங்களுக்கு மரமுந்திரிகை. அந்தக் குழப்பம் ஒருவழியாகத் தீர்ந்து இவர் லொறி ஏறிப் போனார். பிறகு பல வருடங்கள் கொடி வெட்டும் கவ்வாத்துக்கும் அறுவடைக்கும் என்று முகாமுக்கும் தோட்டத்துக்கும் இடையில் போய்வந்தபடி இருந்தார். எங்கள் ஊர் வங்காலையில் கடலுக்குப் போய் வளர்ந்தவர், கொடி வெட்டவும் குலை கழிக்கவும் அங்கேதான் பழகினார்.

முகாமில் எங்களுக்கு ஒரு அறை. நடுவில் சேலை ஒன்றைக் கட்டி இரண்டாக்கியிருந்தோம். ஒரு பக்கம் நாங்கள் இருவர், மறுபக்கம் இவருடைய தாயான மாமியும் தம்பியும். தோட்டத்திலிருந்து வரும்போது இவர் உதிரிப் பழங்களைத் துணிப்பையில் கொண்டுவருவார். சந்தைக்கு ஆகாதவை, வெடித்தவை, பாதி வாடியவை. மாமிக்கு அந்த வாடிய பழம்தான் விருப்பம். "இதுதான்டா இனிக்குது" என்று ஒவ்வொன்றாக வாயில் போட்டு உறிஞ்சுவார். தம்பி பையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடுவான். அண்ணனும் தம்பியும் அந்தப் பழத்துக்காகச் சண்டை பிடிப்பதுபோல் நடிப்பதும், மாமி இருவரையும் பொய்யாக அதட்டுவதும் எங்களுடைய பின்னேரங்களாக இருந்தன. அந்த அறையில் வெக்கையும் நுளம்புக் கடியும் நிறைய. ஆனாலும் அந்த நாட்களை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அந்தப் பையின் இனிப்பு மணம்தான்.

தம்பி ஒரு ஏஜென்டைப் பிடித்து பிரான்சுக்குப் புறப்பட்டான். அவன் இன்னும் வழியில் இருக்கும்போதே மாமி காய்ச்சல் வந்து இறந்துபோனார். ஏஜென்டின் ஆள் மூலமாக இவர் செய்தி அனுப்பினார். தம்பியின் குரலையாவது கேட்டுவிட்டு அடக்கம் செய்யலாம் என்று, முகாம் வாசலில் இருந்த தொலைபேசிக் கடையிலேயே காத்திருந்தார். அழைப்பு வரவில்லை. உடலை அதற்குமேல் வைத்திருக்க முடியாமல் அடக்கம் செய்தோம்.

மாதங்கள் கழித்துத் தம்பி அந்தக் கடைக்குப் போன் எடுத்தான். இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அம்மாவின்ர செய்தி உனக்குக் கிடைச்சதா?"

"ஓம் அண்ணை, கிடைச்சது."

இவர் றிசீவரை வைத்துவிட்டு நடந்துபோய்விட்டார். அதோடு அவர்களுக்குள் பேச்சு நின்றது. நாங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகும், கிறிஸ்து பிறந்த நத்தாருக்கும் உயிர்த்த பெரிய நாளுக்கும் தம்பி எனக்குத்தான் போன் எடுப்பான். நான் போனைக் கையில் எடுத்ததுமே இவர் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவார். தம்பி எந்த ஊரில் இருக்கிறான், என்ன வேலை என்று ஒருநாளும் கேட்டதில்லை. நானாகச் சொல்ல வாயெடுத்தால், "பிரான்சில இருக்கிறான். அது எனக்குத் தெரியும்" என்பார்.

ஊருக்கு வந்து சில காலம் இவர் மறுபடி கடலுக்குப் போனார். எஞ்சின் கயிறு சுண்டி இழுத்ததில் தோள் விலகி, வலை இழுக்க முடியாமல் போயிற்று. நான் பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சும்மா இருந்த மனிதர் வளவையே சுற்றிச் சுற்றி வந்தார். ஒருநாள் எருக்கலம்பிட்டிக்குப் போனவர் ஈரச் சாக்கில் சுற்றிய சில முந்திரிகைத் தடிகளோடு திரும்பினார். அங்கே இருந்த பழைய கூட்டாளி ஒருவர் கொடுத்தவை. அந்தக் கூட்டாளி வியாபாரி, முஸ்லிம். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போய், பிறகு திரும்பி வந்தவர். யாழ்ப்பாணத்துக் கறுப்பு முந்திரிகையைத் தன் முற்றத்தில் படர விட்டிருந்தார்.

எங்கள் மண் மணல், கிணறு கொஞ்சம் உவர். ஆட்டெருவும் மக்கிய இலையும் போட்டுப் போட்டு இவர் அந்தத் தடிகளில் ஒன்றைப் பிழைக்க வைத்தார். பனஞ்சலாகை நட்டுக் கம்பி இழுத்துப் பந்தல் போட்டார். குருவி, மைனா வராமலிருக்க, இனிக் கடலுக்கு ஆகாத தன் வலையை அதன் மேல் விரித்தார். கொடி காய்த்த முதல் வருடம், அந்த நிழலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழும்பவில்லை.

காய்க்கத் தொடங்கிய கொடியோடு நோயும் வந்தது. சில மாதம் இலையில் மா தூவியதுபோல் வெள்ளையாகப் படியும். மழைக்காலத்தில் இலையின் மேல்பக்கம் எண்ணெய் பட்டதுபோல் மஞ்சள் புள்ளி தெரியும், திருப்பிப் பார்த்தால் அடியில் பஞ்சு. நாங்கள் எல்லாவற்றையும் பூஞ்சணம் என்போம். விவசாயப் போதனாசிரியர் வந்து பார்த்துவிட்டு, இரண்டும் பூஞ்சைதான், ஆனால் வேறு வேறு பங்கசு என்றார். இவருக்குக் கம்பத்தில் பழகிய வைத்தியம் தெரியும். மயில்துத்தத்தை ஒரு பிளாஸ்டிக் வாளியிலும் சுண்ணாம்பை இன்னொன்றிலும் கரைத்து, இரண்டையும் சேர்த்து ஊற்றுவார். பிறகு பழைய கத்தி ஒன்றை அதற்குள் தோய்த்து எடுப்பார். அலகில் செம்புநிறம் ஏறினால் சுண்ணாம்பு போதாது என்று அர்த்தம். சரியாக வந்ததும் தெளிப்பார். பந்தல் முழுக்க நீலமாகிவிடும். அவருடைய நகக்கண்ணும் உடுத்த சாரமும் நீலம். "போர்டோ கலவை" என்று அந்த மருந்தின் பெயரைச் சொல்லும்போது, ஏதோ படை ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தவர்போல் இருப்பார். பூஞ்சணம் அவருக்குப் பரம எதிரி.

எங்கள் தேவாலயத்துக்குப் புதிதாக வந்த பங்குச் சுவாமி ஒருநாள் எங்கள் பந்தலின் கீழே நின்று, பூசையில் வார்க்கிற முந்திரிகை இரசம் வெளியிலிருந்துதான் வருகிறது, எங்கள் பங்கிலேயே விளைந்த பழத்தில் ஒரு தரமாவது செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார். அதற்கான அனுமதிகளைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். இவர் உடனே, "வாற பெரிய நாளுக்குத் தாறன் சுவாமி" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். சுவாமி போன பிறகு, இரசம் செய்யத் தெரியுமா என்று கேட்டேன். "பழம் நல்லா இருந்தாப் போதும். மிச்சம் தானா வரும்" என்றார்.

அந்த வருடம் மழை விடவே இல்லை. மார்கழியோடு ஓயவேண்டியது தையிலும் பெய்தது. இவர் மருந்து அடிக்க, அடுத்த மழை கழுவிக்கொண்டு போயிற்று. நத்தாருக்குப் பச்சையாக நின்ற குலைகள் கறுக்கத் தொடங்கிய நேரம், ஒரு குலையில் சாம்பல் நிறத்தில் மெல்லிய மயிர் முளைத்திருப்பதை நான்தான் முதலில் கண்டேன். எலியின் முதுகைப்போல் இருந்தது. தொட்டால் புகைபோல் தூள் பறந்தது. சில நாளில் பந்தலின் பாதி அப்படியாகிவிட்டது. பழங்கள் கபில நிறமாகி, தோல் தளர்ந்து, மயிர் போர்த்திக்கொண்டு தொங்கின.

மழை விட்டு வெயில் எறித்த ஒரு காலை, பாடசாலைக்குப் புறப்பட்டு வெளியே வந்தேன். இவர் ஏணியில் நின்று குலைகளை வெட்டி வெட்டிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். எரிக்கிறதற்காகக் காய்ந்த ஓலையும் குவித்து வைத்திருந்தார்.

"எல்லாத்தையுமோ வெட்டப்போறியள்?"

"வேற என்ன செய்யிறது? இந்தச் சனியன் கொடிக்கும் இறங்கிடும். சுவாமிக்கு இந்த முறை இல்லை எண்டு சொல்லிவிடு. எனக்கு அந்த மனிசன்ர முகத்தில முழிக்கேலாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. யாருக்காவது சொல்லவேண்டும் போலிருந்தது. ஒரு குலையைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அவன் இலையுதிர் காலத்தில் முந்திரிகை பறிக்கப் போகிறவன், மிச்ச நாட்களில் கொடி வெட்டும் வேலை. அது எனக்குத் தெரியும். ஆனால் அவனிடம் வழி கேட்க என்று அனுப்பவில்லை. அண்ணனுடைய பாடு இப்படியாயிற்று என்று பார்க்கட்டும் என்றுதான் அனுப்பினேன்.

அங்கே இன்னும் விடியாத நேரம். ஆனாலும் அவன் உடனே வீடியோவில் எடுத்தான். சத்தத்தில் நித்திரை குழம்பி எழும்பியிருந்தான் போல, குளிருக்குத் தலையில் கம்பளித் தொப்பி.

"அண்ணி, வெட்டவேண்டாம் எண்டு சொல்லுங்கோ! முதல்ல அதைச் சொல்லுங்கோ!"

நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இஞ்சேருங்கோ, வெட்டவேண்டாமாம்" என்றேன்.

"ஆராம் சொல்லுறது?" என்று கேட்டவர் திரையைப் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

"அங்க மழை விட்டிட்டுதா அண்ணி?"

"ஓம், முந்தநாளோட விட்டுட்டுது."

"காலமையில பனி இருக்கா?"

"பனிதான். பந்தலால சொட்டுது."

"மத்தியானத்தில?"

"நல்ல வெயில். காத்தும் இருக்கு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் கண்ணீர் விடப்போகிறான் என்று நான் நினைத்தேன். ஆனால் அவன் சிரித்தான். "நாங்கள் இஞ்ச அந்தப் பூஞ்சணத்துக்காகக் காத்துக்கொண்டிருப்பம் அண்ணி. இது ரெண்டு ஆறு சேருற இடம். காலமையில பனிப்புகார் எழும்பும், மத்தியானம் வெயில் வரும். அப்பதான் இது வரும். இது பழத்தின்ர தோல்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை போடும். அதால தண்ணி போயிடும், இனிப்பு மட்டும் நிக்கும். அழுகின பழமாப் பாத்துப் பாத்துத்தான் பறிப்பம். அந்த வைன் வாங்க இஞ்ச பெரிய ஆக்களுக்கே பயம். அவ்வளவு விலை."

"பூஞ்சணம் பிடிச்சதையோ?"

"பூஞ்சணம் பிடிச்சதைத்தான்."

ஏணியில் நின்றவர் எங்களைப் பார்க்காமலே சொன்னார். "மழை திரும்ப வந்தா என்ன செய்யிறதாம் எண்டு கேள்."

தம்பிக்கு அது கேட்டுவிட்டது. "திரும்ப வந்தா எல்லாம் போயிடும் எண்டு சொல்லுங்கோ அண்ணி. அப்ப இது வெறும் அழுகல்தான். பழம் புளிச்சு வினாகிரியாயிடும். மழை வராட்டிச் சீனிப்பாணி."

"அப்ப இது சூதாட்டம் எண்டு சொல்."

"ஓம் எண்டு சொல்லுங்கோ."

நான் நடுவில் போனை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். இருவரும் இருவரையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். "நான் அடிக்கிற மருந்து இதுக்கு ஏன் ஏலாமப் போனது எண்டு கேள்" என்றார் இவர்.

"என்ன மருந்தாம் அண்ணி?"

"போர்டோ கலவை" என்றேன் நான்.

தம்பி இப்போது சத்தமாகவே சிரித்தான். "அண்ணை, நான் இருக்கிறது போர்டோவுக்குப் பக்கத்திலதான். அந்த மருந்து இந்த ஊர் மருந்து. அது இலைக்கு வாற பூஞ்சணத்தைத்தான் நிப்பாட்டும். இதை நிப்பாட்டாது."

இவர் ஏணியில் இருந்து திரும்பினார். "போர்டோ எண்டது ஊரோ?"

அவர் தம்பியிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான். றிசீவரை வைத்துவிட்டுப் போன அந்த நாளுக்குப் பிறகு.

"ஓம் அண்ணை. பெரிய ஊர்."

"இவ்வளவு காலமும் நான் அதை ஆரோ ஒரு ஆளின்ர பேர் எண்டு நினைச்சனான்" என்று சொல்லிவிட்டு இவர் கத்தரிக்கோலை ஏணிப்படியில் கொழுவினார். இறங்கி வந்து போனை என் கையிலிருந்து வாங்கவில்லை. ஆனால் வெட்டுவதை நிறுத்திவிட்டார். அன்று நான் பாடசாலைக்குப் பிந்திப் போனேன்.

அதற்குப் பிறகு தம்பி தன் வேலை இடைவேளையில் எடுப்பான். அங்கே அவன் கையில் மத்தியானச் சாப்பாட்டுப் பாண், இங்கே எங்களுக்குப் பின்னேரத் தேத்தண்ணி. இவர் போனைப் பந்தல் கம்பியில் சாய்த்துவைத்து ஒவ்வொரு குலையாகக் காட்டுவார். பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சணம் இருந்தால் அது வேறு சாதி, கிள்ளி எறியவேண்டும். மூக்குக்கிட்டப் பிடித்து வினாகிரி மணம் வந்தால் அந்தப் பழத்தோடு பக்கத்துப் பழத்தையும் எடுக்கவேண்டும். சுருங்கிக் கபிலமாகி, காய்ந்த முந்திரிகை வற்றல் போல் வந்தது மட்டும்தான் பறிக்கிறது. மற்றது நிற்கட்டும். அவர்கள் பழத்தைப் பற்றி மட்டுமே பேசினார்கள். அவனுக்குப் பெண்சாதி இருக்கிறாளா, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று இவர் கேட்கவில்லை. அவனும் இவருடைய தோளைப் பற்றிக் கேட்கவில்லை. "இதைப் பார், இது சரியோ?" "இன்னும் ரெண்டு வெயில் காணட்டும் அண்ணை." அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமாயிருந்தது. பாடசாலையில் பிள்ளைகள் தாள் வெட்டும் சின்னக் கத்தரிக்கோல் ஒன்றை இவருக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். பெரிய கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு குலையில் நாலைந்து பழம் மட்டும் நறுக்கி எடுப்பார்.

வானம் ஒருநாள் இருண்டது. மன்னார்த் தீவில் தாராபுரம் பக்கம் பெய்வதாகச் சொன்னார்கள். இவர் வாசலிலேயே நின்றார். எங்கள் பக்கம் சில துளிகளோடு நின்றுவிட்டது.

கடைசியில் கிடைத்த பழம் சரியான குறைவு. நல்ல வருடமாக இருந்தால் கூடை கூடையாக இறக்கியிருக்கவேண்டிய பந்தலில், இரண்டு மூன்று சட்டிகளில் அடங்கிவிட்டது. வெள்ளைத் துணியில் கட்டிப் பிழிந்தோம். கறுப்பு முந்திரிகையின் சாறு சிவப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். வந்தது தேத்தண்ணிச் சாயம்போல் கபில நிறம். நிறத்தையும் பூஞ்சணம்தான் தின்றுவிட்டது என்றான் தம்பி. தேன்போல் தடிப்பாக, சொட்டுச் சொட்டாக இறங்கியது. விரலில் தொட்டு நக்கினேன். இனிப்போடு சேர்ந்து, உலர்ந்த பழத்தின், மெழுகின், இன்னும் எனக்குப் பெயர் தெரியாத ஏதோ ஒன்றின் சுவை. இவரும் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார்.

"அம்மா உறிஞ்சுவாவே, அந்தப் பழம்" என்றார்.

கம்பியில் சாய்த்திருந்த போனில் தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

சாற்றைக் கண்ணாடிச் சாடியில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, குளிர்ச்சிக்காக ஈர மணலில் புதைத்து வைத்தோம். சீனி, தண்ணீர் ஒன்றும் சேர்க்கவில்லை. பூசை இரசத்துக்கு வேறு எதுவும் சேர்க்கக்கூடாது. அது தானாக நுரைக்கத் தொடங்கியபோது, பள்ளிக்கூடத்தில் படித்தது எனக்கு ஞாபகம் வந்தது. இனிப்பைச் சாராயமாக்குவது மதுவம் என்கிற ஈஸ்ட். அதுவும் ஒரு பங்கசுதான். ஒன்று பழத்தைச் சுருக்கியது, இன்னொன்று சாற்றைப் புளிக்கவைக்கிறது. இதைச் சொன்னபோது இவர், "அப்ப நான் இவ்வளவு நாளும் சண்டை பிடிச்சது ஆரோட?" என்றார்.

சுவாமியிடம் உள்ளதைச் சொல்லவேண்டும் என்று நான் நின்றேன். இவரே போய்ச் சொன்னார். நானும் கூடப் போனேன்.

"சுவாமி, பழம் பூஞ்சணம் பிடிச்சது. அந்தப் பழத்திலதான் செய்திருக்கிறம்."

சுவாமியின் முகம் மாறிவிட்டது. "பழுதான இரசத்தில பூசை வைக்கேலாது. அது திருச்சபைச் சட்டம்" என்றார். இவர் தலையாட்டிவிட்டு எழும்பப் போனார். சுவாமி விடவில்லை. "இருங்கோ. பழம் பழுதோ, இரசம் பழுதோ, எது எண்டு பாக்கவேணும். நான் மேலிடத்தில கேட்டுச் சொல்லுறன்."

பெரிய நாள் வந்தபோது சாடி இன்னும் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. இனிப்புக் கூடிய சாறு மெல்லமாகத்தான் புளிக்கும் என்று தம்பி முதலே சொல்லியிருந்தான். வாக்குக் கொடுத்த நாளுக்குக் கொடுக்க முடியாமல் இவர் கோவிலில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார். அதன்பிறகு சில வாரம் கழித்துச் சுவாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். பழச்சாறு மட்டும்தான் என்றால், புளித்து வினாகிரியாகாமல் இருந்தால், தடையில்லை என்று பதில் வந்திருக்கிறதாம். தெளிந்த இரசத்தை ஒரு கரண்டியில் எடுத்து மணந்து, நாவில் வைத்தார். "இது பழுதில்லை" என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, "இந்த ருசிக்குப் பூசைக்கு ஆக்கள் கூடப்போகினம்" என்றார்.

எருக்கலம்பிட்டிக் கூட்டாளி, நாங்கள் பழம் பிழிந்த நாட்களிலேயே ஒருமுறை வந்திருந்தார். தான் கொடுத்த தடியில் விளைந்தது இப்படியாயிற்று என்று கேட்டு, வலையின் கீழே நின்று சிரித்தார். "தங்கச்சி, உங்கட பூஞ்சணமும் இரசமும் உங்களுக்கே இருக்கட்டும். அடுத்த முறை எனக்குப் பழமாத் தந்திடுங்கோ. நோன்பு திறக்க ஆகும்." கொடியில் எஞ்சியிருந்த நல்ல குலைகளை நான் அவருக்குக் கட்டிக்கொடுத்தேன்.

ஆடி மாதக் கோவில் திருவிழாவுக்குத் தம்பி வந்தான். அவன் வருகிறான் என்று எனக்குச் சொல்லவில்லை. அண்ணனுக்குச் சொல்லியிருக்கிறான். வாசலில் வான் நின்றபோதுதான் எனக்குத் தெரியும். முகாமில் பையைக் கவிழ்த்துத் தேடிய பிள்ளைக்கு நரை விழுந்திருந்தது. இருவரும் கட்டிப்பிடிக்கவில்லை. இவர், "வா, கொடியைப் பார்" என்று அவனைப் பந்தலுக்கடியில் கூட்டிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் இருவரும் சேர்ந்து கொடி கட்டிக்கொண்டிருந்தபோது நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். தம்பி கையில் கொடியைப் பிடித்தபடி, யாரையும் பார்க்காமல் சொல்லத் தொடங்கினான்.

"அந்தச் செய்தி வரேக்க நாங்கள் கனபேர் ஒரு வீட்டில பூட்டிக் கிடந்தம் அண்ணை. எந்த நாடு எண்டுகூட அப்ப எனக்குத் தெரியாது. ஏஜென்டின்ர ஆள் வந்து, உன்ர அம்மா செத்திட்டா எண்டு சொல்லிட்டுப் போயிட்டான். போன் இல்லை. கதவு பூட்டு. பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்டா எல்லாரும் பிடிபடுவம் எண்டு, அழவும் விடேல்ல. என்னோட இருந்த ஒருத்தன் என்ர வாயைப் பொத்திக்கொண்டு தானும் அழுதவன்."

இவர் கையிலிருந்த கயிற்றை முடிச்சுப் போட்டார். அவிழ்த்தார். மறுபடி போட்டார்.

"நீ அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாம்."

"நீங்கள் போனை வைச்சிட்டீங்கள்."

"ஓம்" என்றார் இவர். "நான் வைச்சிட்டன்."

தேத்தண்ணி ஆறிப்போயிற்று. இரண்டுபேரும் குடிக்கவில்லை. நான் எடுத்துக்கொண்டு போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்தேன். அப்போது இவர் தம்பியின் பிள்ளைகளின் படங்களை அவனுடைய போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருவிழா முடிந்த கிழமை மாமிக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தோம். சுவாமி அந்த இரசத்தைத்தான் பாத்திரத்தில் வார்த்தார். பீடத்தில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் குப்பியிலிருந்து அது இறங்கும்போது பொன்னாகத் தெரிந்தது. அண்ணனும் தம்பியும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் முழந்தாளில் இருந்தார்கள். மாமியை அடக்கம் செய்த இடம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. அங்கே ஒரு சிலுவையும் இப்போது இருக்கப்போவதில்லை. அன்று மட்டும், அவர் எங்களோடு அந்தக் கோவிலில்தான் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. பூசை முடிந்து வெளியே வந்தபோது இருவருடைய கண்களும் சிவந்திருந்தன. தம்பிதான் முதலில் பேசினான். "அண்ணை, கொஞ்சம் புளிப்புக் காணாது. அடுத்த முறை சில குலையை முந்திப் பறிக்கவேணும்."

அடுத்த முறை அப்படி வாய்க்கவில்லை. அதற்கு அடுத்த மழைக்காலத்தில் அதே சாம்பல் மயிர் வந்தது. இவர் சந்தோஷமாகக் காத்திருந்தார். ஆனால் மழை விடவில்லை. நாளுக்கு நாள் பழம் வெடித்து ஒழுகியது. பழ ஈயும் குளவியும் மொய்த்தன. பந்தலுக்குக் கீழே போனால் வினாகிரி மணம் மூக்கைத் துளைத்தது. அதே பூஞ்சணம்தான், அதே கொடிதான். வெயில் மட்டும் வரவில்லை. இவர் எல்லாக் குலையையும் வெட்டி, வளவின் மூலையில் கிடங்கு வெட்டித் தாட்டார்.

அன்று பின்னேரம் கையைக் கழுவிவிட்டு வந்து, என் போனை எடுத்துத் தானே தம்பிக்கு அழைத்தார். பெயரைத் தேட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மறுமுனையில் எடுத்ததும், வணக்கமோ நலமோ ஒன்றும் கேட்கவில்லை.

"டேய், உன்ர பூஞ்சணம் எல்லாத்தையும் திண்டிட்டுது!"

தம்பி என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. இவர் கதிரையில் சாய்ந்து, தோள் குலுங்கச் சிரித்தார். மேகம் இன்னும் கறுத்திருந்தது. நான் கயிற்றில் போட்டிருந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர்கள் கவ்வாத்து எப்போது வைப்பது என்று பேசத் தொடங்கியிருந்தார்கள்.